டிராக்டர் என்ஜினில் ஒடிந்த மேனிபோல்டு ஸ்டட்டைப் பக்குவமாக எடுக்கும் முறை

மானாவாரி நிலத்தில் மழை பெய்தபின் மண் உழவுப் பதத்தில் இருக்கும் நாட்கள் மிகச் சிலவே. செம்மண் நிலம் விரைவில் காய்ந்து இறுகிவிடும். கரிசல் நிலம் ஈரம் மிகுந்தால் கலப்பையில் ஒட்டும், காய்ந்தால் பாறை போலாகும். இடையில் கிடைக்கும் அந்தச் சில நாட்களில்தான் உழவும் விதைப்பும் முடிய வேண்டும். அந்த நேரத்தில் டிராக்டர் கொட்டகையில் நின்றுவிட்டால், நல்ல விதையும் உரமும் வாங்கி வைத்திருந்தும் பயனில்லை. பயிரியல் ஆசிரியர் ஒருவர் என்ஜின் பழுதைப் பற்றி எழுதுவதற்கு இதுவே காரணமாகும்.

பல ஆண்டுகள் உழைத்த டிராக்டர்களில் அடிக்கடி காணப்படும் பழுது ஒன்று உண்டு. புகை வெளியேறும் மேனிபோல்டை என்ஜினுடன் பிணைக்கும் ஸ்டட் ஒடிந்து, அதன் ஒரு பாதி சிலிண்டர் ஹெட்டின் உள்ளேயே மாட்டிக்கொள்வதுதான் அது. ஸ்டட் சிறிய பொருள், விலையும் அதிகமில்லை. ஆனால் அதை அவசரப்பட்டு எடுக்க முயன்றால் சிலிண்டர் ஹெட்டே பாழாகக்கூடும். இதைப் பக்குவமாக எடுக்கும் முறையையும், ஒடியாமல் காக்கும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம். வார்ப்பிரும்பு ஹெட் உள்ள பழைய ஜீப், அம்பாசிடர் கார் போன்ற வண்டிகளுக்கும் இம்முறைகள் பொருந்தும்.

ஸ்டட் ஏன் ஒடிகிறது?

ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளிவரும் புகையை ஒன்று சேர்த்துச் சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாயே மேனிபோல்டு ஆகும். ஸ்டட் என்பது இருபுறமும் மரை வெட்டப்பட்ட, தலை இல்லாத போல்ட்டு. அதன் ஒரு முனை சிலிண்டர் ஹெட்டினுள் முடுக்கப்பட்டிருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மறுமுனையில் மேனிபோல்டை மாட்டி, நட்டுப் போட்டு இறுக்குகிறோம். இரண்டிற்கும் இடையில் புகை கசியாதிருக்கக் கேஸ்கெட் வைக்கப்படும்.

கடினமான உழவின்போது டீசல் என்ஜினின் புகை 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். இப்புகை பாயும் மேனிபோல்டும் மிகுந்த சூடேறும். ஆனால் தண்ணீரால் குளிர்விக்கப்படும் சிலிண்டர் ஹெட் ஏறத்தாழ 80, 90 டிகிரி அளவிலேயே நிற்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு ஒவ்வொரு 100 டிகிரி சூட்டிற்கும் சுமார் 1 மி.மீ. நீளும். இதன்படி, 40 செ.மீ. நீளமுள்ள மேனிபோல்டு 400 டிகிரி சூடேறினால் சுமார் 1.7 மி.மீ. நீளும். அதே நீளமுள்ள ஹெட் பகுதியோ 0.3 மி.மீ. அளவே நீளும். இந்த வேறுபாடு முழுவதையும் ஸ்டட்டுகளே தாங்க வேண்டியுள்ளது.

மேனிபோல்டு நடுவிலிருந்து இருபுறமும் நீளுவதால், நடுவில் உள்ள ஸ்டட்டுக்குத் தொல்லை குறைவு. இரு கோடிகளிலும் உள்ள ஸ்டட்டுகளுக்கே அதிகம். ஆகவேதான் பெரும்பாலும் கடைசி ஸ்டட்டுகள் முதலில் ஒடிகின்றன. இந்த அசைவுக்கு இடம் கொடுக்கவே மேனிபோல்டின் துளைகள் ஸ்டட்டைவிடச் சற்றுப் பெரிதாக அமைக்கப்பட்டுள்ளன. நட்டுகளை அளவுக்கு மீறி இறுக்கினாலும், துளையில் துரு அடைத்துக்கொண்டாலும் மேனிபோல்டு நகர முடியாமல் ஸ்டட்டை வளைக்கும். நாள்தோறும் சூடாகி ஆறும்போது இவ்வாறு வளைந்து நிமிரும் ஸ்டட் ஒருநாள் ஒடிந்துவிடும்.

அறிகுறிகள்

1. காலையில் என்ஜினைக் கிளப்பியதும் 'டிக், டிக்' என்ற ஓசை கேட்கும். என்ஜின் சூடேறியபின் மேனிபோல்டு விரிந்து இடைவெளி அடைபடுவதால் ஓசை குறையும். இதனை வால்வு ஓசை என்று எண்ணிப் பலர் ஏமாறுகின்றனர்.

2. மேனிபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் கரிப்புகை படிந்து விசிறி போன்ற கறுப்புத் தடம் தெரியும்.

3. ஏதேனும் ஓர் இடத்தில் நட்டு இல்லாமலிருக்கும். அல்லது ஸ்டட்டின் நுனி நட்டோடு சேர்ந்து விரலால் ஆட்டினால் ஆடும்.

இவ்வறிகுறிகளைக் கண்டபின்னும் 'ஒரு ஸ்டட்தானே, மற்றவை இருக்கின்றனவே' என்று ஓட்டக் கூடாது. ஒரு ஸ்டட் போனால் அதன் பாரம் அடுத்ததற்குச் செல்லும், அதுவும் ஒடியும். கசியும் சூடான புகை கேஸ்கெட்டை எரித்து, நாளடைவில் ஹெட்டின் முகத்தையும் அரிக்கும். அருகில் உள்ள டீசல் குழாயும் மின்கம்பியும் கருகக்கூடும். வைக்கோல், சோளத்தட்டை போன்றவை குவிந்துள்ள களத்தில் இது தீ விபத்துக்கும் இடம் தரும். மேலும், டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ஆம் ஆண்டு வகைப்படுத்தியுள்ளது. கசியும் புகை நேரே ஓட்டுநரின் முகத்திற்கு வருகிறது என்பதை மறக்கலாகாது.

அடிப்படை விதி

இவ்வேலையில் இறங்குமுன் ஒரு விதியை மனத்தில் கொள்ள வேண்டும். நட்டுப் போனாலும் ஸ்டட் போகக் கூடாது. ஸ்டட் போனாலும் ஹெட் போகக் கூடாது. நட்டு மிகவும் மலிவானது. ஸ்டட் அதற்கு அடுத்தது. ஹெட்டின் விலையும் அதை இறக்கி ஏற்றும் செலவும் பல மடங்கு அதிகம். ஆகவே எந்தக் கட்டத்திலும் மலிவான பொருளை இழந்து விலையுயர்ந்த பொருளைக் காக்க வேண்டும். பின்வரும் எல்லா முறைகளும் இவ்விதியை ஒட்டியவையே.

ஒடியாமல் கழற்றுதல்

ஒடிந்த ஸ்டட்டை மாற்ற மேனிபோல்டைக் கழற்ற வேண்டும். அப்போது மற்ற ஸ்டட்டுகளும் ஒடியாதிருப்பது முக்கியம். ஒரு ஸ்டட் பழுதோடு தொடங்கிய வேலை, அவசரத்தால் மூன்று ஸ்டட் பழுதாக முடிவதுண்டு.

வேலைக்கு இரண்டு நாட்கள் முன்னதாகவே தொடங்க வேண்டும். கம்பித் தூரிகையால் நட்டைச் சுற்றியுள்ள துருவையும் கரியையும் நன்கு தேய்த்து நீக்கவும். என்ஜின் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது, துருவிளக்கும் எண்ணெயை ஒவ்வொரு ஸ்டட்டின் அடியிலும் சொட்டுச் சொட்டாக விடவும். காலையும் மாலையும் இவ்வாறு செய்யவும். எண்ணெய் மரையின் உள்ளே ஊறிச் செல்ல நேரம் வேண்டும். விதையை ஊற வைத்தால்தான் முளைக்கும் என்பதை அறிந்த விவசாயிகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. என்ஜின் கொதிக்கும் சூட்டில் இருக்கும்போது எண்ணெய் விடக் கூடாது, தீப்பற்றும்.

கழற்றும் நாளன்று, நட்டின் ஆறு முகங்களையும் கவ்வும் சாக்கெட் ஸ்பானரையே பயன்படுத்தவும். தேய்ந்த திறந்தவாய் ஸ்பானர் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். ஸ்பானரில் நீண்ட குழாயைச் செருகி எம்பக் கூடாது. முதலில் நட்டை இறுக்கும் பக்கமாக மிகச் சிறிதளவு திருப்பித் துருவின் பிடிப்பை உடைக்கவும். பிறகு கழற்றும் பக்கமாகக் கால் சுற்று, மீண்டும் இறுக்கும் பக்கமாகச் சிறிது என்று முன்னும் பின்னுமாகத் திருப்பவும். இடையிடையே எண்ணெய் விடவும். நட்டு திரும்பாமல் ஸ்டட் முறுக்குவது போல 'ரப்பர்த் தன்மை' கைக்குத் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். ஸ்டட் ஒடியப்போகிறது என்பதற்கு அதுவே முன்னறிவிப்பு.

அவ்வாறு நின்றால் கேஸ் விளக்கால் நட்டை மட்டும் சூடாக்கவும். அதற்குமுன் வழிந்துள்ள எண்ணெயை நன்கு துடைத்துவிடவும். நட்டுச் சூட்டில் விரிந்து ஸ்டட்டைவிட்டுச் சற்று விலகும். சூடாக்கியும் வராத நட்டை உளியாலோ இரும்பு அறுக்கும் ரம்பத்தாலோ பக்கவாட்டில் பிளந்து எடுத்துவிடலாம். முன்னர்க் கூறிய விதியை இங்கே நினைவுகூர்க.

ஒடிந்தது எவ்விதம் என்று பார்த்தல்

மேனிபோல்டை எடுத்தபின் ஒடிந்த ஸ்டட் எந்நிலையில் உள்ளது என்று பார்க்க வேண்டும். மூன்று நிலைகள் உண்டு. நிலைக்கு ஏற்ப முறையும் மாறும்.

எந்த முறையானாலும், முதலில் புகை வெளிவரும் துளைகளைச் சுத்தமான துணியால் அடைக்கவும். இரும்புத் தூள் உள்ளே விழுந்தால் வால்வுக்கும் சிலிண்டருக்கும் கேடு. எத்தனை துணி அடைத்தோம் என்று எழுதி வைத்து, வேலை முடிந்ததும் அத்தனையையும் எண்ணி எடுக்கவும்.

முதல் நிலை: ஸ்டட் வெளியே நீட்டிக்கொண்டிருத்தல்

இது எளிது. நீட்டிய பகுதியில் மரை நன்றாக இருந்தால், இரண்டு நட்டுகளைப் போட்டு ஒன்றோடொன்று எதிரெதிராக இறுக்கவும். பிறகு உட்புற நட்டில் ஸ்பானரை மாட்டிக் கழற்றும் பக்கமாகத் திருப்பினால் ஸ்டட்டும் சேர்ந்து வரும். மரை கெட்டிருந்தால் பூட்டும் பிளையரால் இறுகக் கவ்வித் திருப்பலாம்.

அசையாவிட்டால், ஸ்டட்டைச் சூடாக்கி ஆறவிடவும். சூடேறும் ஸ்டட் துளையினுள் விரிந்து துருவை நசுக்கும். ஆறும்போது சுருங்கி நுண்ணிய இடைவெளி விடும. முழுதும் ஆறுமுன், சிறிது மெழுகை ஸ்டட்டின் அடியில் தொட்டால் அது உருகி மரைக்குள் இழுக்கப்படும். பட்டறைகளில் அனுபவம் மிக்கவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. சூடான வார்ப்பிரும்பின்மீது தண்ணீர் ஊற்றக் கூடாது. ஹெட் விரிசல் காணும்.

இரண்டாம் நிலை: ஹெட்டின் முகத்தோடு மட்டமாக ஒடிதல்

இந்நிலையில் வெல்டிங் முறை சிறந்தது. இது பழகிய வெல்டரின் வேலை. ஆனால் என்ன செய்யப்படுகிறது என்பதை விவசாயி அறிந்து உடனிருக்க வேண்டும்.

ஸ்டட்டின் முகத்தைச் சுத்தம் செய்து, அதைவிடச் சிறிய துளையுள்ள வாஷர் ஒன்றை அதன் நடுவில் பொருந்த வைக்கவும். துளையின் வழியாக ஸ்டட்டோடு வாஷரைப் பற்றவைக்கவும். பின்னர் வாஷரின்மேல் ஒரு நட்டை வைத்து, அதையும் உட்புறமாகப் பற்றவைக்கவும். செந்நிறம் மறையும்வரை காத்திருக்கவும். இன்னும் சூடாக இருக்கும்போதே மெழுகைத் தொட்டு, ஸ்பானரால் முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்துக் கழற்றவும்.

முதல் முயற்சியில் பற்று விட்டுப்போனால் மனம் தளர வேண்டாம். தேய்த்துச் சுத்தம் செய்து மீண்டும் பற்றவைக்கலாம். ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் துருவின் பிடி தளர்கிறது. மூன்றாவது, நான்காவது முயற்சியில் வெளிவருவது சாதாரணம்.

நாக முலாம் பூசிய வாஷரையும் நட்டையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. நாகம் எரிந்து வரும் வெண்புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் உண்டாகும்.

மூன்றாம் நிலை: துளையின் உள்ளே ஆழத்தில் ஒடிதல்

இங்கு டிரில் கொண்டு துளையிட்டே எடுக்க வேண்டும். இதில் வெற்றி முழுவதும் நடுமையத்தைப் பொறுத்தது. ஸ்டட் எஃகால் ஆனது. ஹெட்டோ அதைவிட எளிதில் வெட்டுப்படும் வார்ப்பிரும்பு. ஒடிந்த முகமும் மேடுபள்ளமாக இருக்கும். ஆதலால் டிரில் முனை பக்கவாட்டில் வழுக்கி, ஸ்டட்டை விட்டு ஹெட்டைக் குடையத் தொடங்கும். அதன்பின் துளை கோணலாகிவிடும்.

இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. மேனிபோல்டின் துளையில் இறுக்கமாகப் பொருந்தும் வெளி அளவும், நடுவில் 4 மி.மீ. துளையும் கொண்ட சிறு எஃகு உருளை ஒன்றை லேத் பட்டறையில் கடைந்து வாங்கவும். மேனிபோல்டைக் கேஸ்கெட் இல்லாமல் மற்ற ஸ்டட்டுகளில் மாட்டி, மற்ற துளைகளின் நடுவில் அவை நிற்குமாறு சரிபார்த்து இறுக்கவும். பிறகு உருளையை ஒடிந்த ஸ்டட்டுக்கு நேரான துளையில் செருகி, அதன் வழியாக 4 மி.மீ. டிரிலை ஓட்டவும். துளை நேராகவும் நடுவிலும் அமையும். உருளைக்கு ஆகும் சிறு செலவு ஒரு ஹெட்டைக் காப்பாற்றும்.

முதல் துளை நடுவில் அமைந்தபின், டிரிலின் அளவைப் படிப்படியாகக் கூட்டவும். குறைந்த வேகத்தில், எண்ணெய் விட்டு, டிரில் வெட்டுமளவுக்கு அழுத்தி ஓட்டவும். சில நேரங்களில் இந்தச் சூட்டிலும் அதிர்விலுமே மீதித் துண்டு தளர்ந்துவிடும். கழற்றும் திசையிலேயே வெட்டும் இடஞ்சுழி டிரில் கிடைத்தால் இன்னும் நல்லது; தளர்ந்த துண்டை அதுவே வெளியே இழுத்துவரும்.

துண்டு வராவிட்டால், மரையின் அடி அளவுவரை துளையைப் பெரிதாக்கவும். அப்போது மரைக்குள் சுருள் கம்பி போன்ற மெல்லிய எஃகு மட்டுமே மீதியிருக்கும். அதைக் கூரிய உளியின் முனையால் நெம்பி எடுத்து, டேப் கொண்டு மரையைச் சுத்தம் செய்யலாம். டேப்பை அரைச்சுற்று முன்னே, கால்சுற்றுப் பின்னே என்று ஓட்டவும். இறுதி டிரிலின் அளவுகள் கீழே தரப்பட்டுள்ளன.

எம்-8, 1.25 மி.மீ. புரி: 6.8 மி.மீ. டிரில்
எம்-10, 1.5 மி.மீ. புரி: 8.5 மி.மீ. டிரில்
5/16 அங்குலம், அங்குலத்துக்கு 18 புரி: 6.6 மி.மீ. டிரில்
3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 புரி: 8 மி.மீ. டிரில்

துளையின் ஆழத்தை மற்றொரு ஸ்டட் துளையில் அளந்து, டிரிலில் துணிப்பட்டையைச் சுற்றி அடையாளம் செய்துகொள்ளவும். அடையாளத்தைத் தாண்டித் துளையிட்டால் டிரில் தண்ணீர் ஓடும் பகுதிக்குள் போய்விடக்கூடும். சில என்ஜின்களில் ஸ்டட் துளையே தண்ணீர்ப் பகுதிவரை செல்லும். அத்தகைய துளையில் ஸ்டட்டைப் பூட்டும்போது, சூட்டைத் தாங்கும் கசிவு அடைப்பானை மரையில் தடவ வேண்டும்.

எக்ஸ்ட்ராக்டர் பற்றி ஓர் எச்சரிக்கை

ஒடிந்த ஸ்டட்டில் துளையிட்டு, அதில் செருகித் திருப்பும் எக்ஸ்ட்ராக்டர் கடைகளில் கிடைக்கிறது. தளர்வாக உள்ள ஸ்டட்டுக்கு அது உதவும். ஆனால் துருவேறி இறுகிய மேனிபோல்டு ஸ்டட்டுக்கு அது ஆபத்தானது. அது செருகப்படும்போது ஸ்டட்டை விரித்து இன்னும் இறுக்குகிறது. மேலும் அது மிகக் கடினமான எஃகாதலால் வளையாது, திடீரென உடையும். துளைக்குள் உடைந்த எக்ஸ்ட்ராக்டரைச் சாதாரண டிரில் வெட்டாது.

எங்கள் செயல்விளக்கத் திடலுக்கு அருகில் ஓர் ஆடிப் பட்டத்தில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். மானாவாரி நிலக்கடலை விதைக்க மழை பெய்திருந்தது. ஒரு விவசாயியின் டிராக்டரில் கடைசி ஸ்டட் ஒடிந்தது. மாலைக்குள் முடித்துவிடலாம் என்று எக்ஸ்ட்ராக்டரைப் போட்டுத் திருப்பியதில் அது உள்ளேயே உடைந்தது. ஹெட்டை இறக்கி, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் இயந்திரம் உள்ள நகரத்துப் பட்டறைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. டிராக்டர் ஓடத் தொடங்கியபோது நிலத்தில் ஈரம் இல்லை. அண்டை வயல்களில் கடலை முளைத்திருந்தது. அவர் அடுத்த மழைக்குக் காத்திருந்தார். இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்த எண்ணியதால் ஒரு பட்டமே தள்ளிப்போயிற்று.

மரையைக் கவனித்து ஸ்டட் வாங்குதல்

பழைய டிராக்டர்களில் பல, பிரிட்டிஷ், அமெரிக்க வடிவமைப்பை ஒட்டியவை. அவற்றில் அங்குல மரை பெரிதும் காணப்படும். 1948-ஆம் ஆண்டு அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளும் ஏற்றுக்கொண்ட பொது அங்குல மரை இது. பின்னர் வந்த என்ஜின்களில் மி.மீ. மரை உள்ளது.

இங்கு ஏமாற வாய்ப்புண்டு. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. ஆகும். எம்-8 ஸ்டட் 8 மி.மீ. ஆகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னதன் புரி இடைவெளி 1.41 மி.மீ., பின்னதன் இடைவெளி 1.25 மி.மீ. ஒன்றின் துளையில் மற்றொன்றை வைத்தால் இரண்டு சுற்று ஏறி இறுகிக்கொள்ளும். 'துரு போலிருக்கிறது' என்று எண்ணி வலிந்து முடுக்கினால் ஹெட்டின் மரை அறுந்துவிடும். ஆகவே பழைய ஸ்டட் ஒன்றைக் கையில் எடுத்துச் சென்று, மரையளவி வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும். ஹெட்டினுள் செல்லும் முனைக்கும் நட்டு ஏறும் முனைக்கும் புரி வேறுபடலாம் என்பதையும் கவனிக்கவும்.

சாதாரண மென்னிரும்புப் போல்ட்டை வெட்டி ஸ்டட்டாகப் போடுவது தற்காலிகச் சிக்கனமே. அந்த என்ஜினுக்கு உரிய ஸ்டட்டையே வாங்குக. நட்டு பித்தளையாலானதாகக் கிடைத்தால் நல்லது. பித்தளை துருவேறி ஸ்டட்டோடு ஒட்டாது. அடுத்த முறை எளிதில் கழலும்.

ஹெட்டின் மரை கெட்டுவிட்டிருந்தால், துளையைச் சற்றுப் பெரிதாக்கி, சுருள்கம்பி போன்ற மரைச் சுருளைப் பொருத்தி, பழைய அளவு ஸ்டட்டையே போடலாம். இவ்வேலையைப் பட்டறையில் செய்துகொள்வது நல்லது.

மீண்டும் பூட்டும் முறை

1. ஹெட்டின் முகத்திலும் மேனிபோல்டின் முகத்திலும் உள்ள பழைய கேஸ்கெட்டையும் கரியையும் சுரண்டி நீக்கவும். அடைத்த துணிகளை எண்ணி எடுக்கவும்.

2. மேனிபோல்டின் முகங்களின்மீது நேரான எஃகுச் சட்டம் ஒன்றை வைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கவும். முகம் கோணியிருந்தால் பட்டறையில் கொடுத்து மட்டம் செய்த பிறகே பூட்டவும். கோணிய மேனிபோல்டை நட்டால் இழுத்து உட்கார வைத்தால் புதிய ஸ்டட்டும் ஒடியும். முதல் ஸ்டட் ஒடிந்ததற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

3. மேனிபோல்டின் துளைகளில் உள்ள துருவை உருண்டை அரத்தால் தேய்த்து நீக்கவும். ஸ்டட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் இடைவெளி இருக்க வேண்டும்.

4. ஸ்டட்டை ஹெட்டினுள் கையால் முடுக்கி, பிறகு மிதமாக இறுக்கவும். நட்டு ஏறும் மரையில் செம்புத்தூள் கலந்த, சூட்டைத் தாங்கும் கிரீஸைச் சிறிது தடவவும். சாதாரண கிரீஸ் எரிந்து கரியாகிவிடும்.

5. எப்போதும் புதிய கேஸ்கெட்டையே போடவும்.

6. நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறி மாறி, மூன்று சுற்றுகளாகச் சமமாக இறுக்கவும். இறுதி இறுக்கம் டிராக்டரின் கையேட்டில் உள்ள அளவுப்படி, டார்க் ரெஞ்சால் இருக்க வேண்டும். கிரீஸ் தடவிய மரை எளிதில் முடுகும் என்பதால், கையளவில் இறுக்குவோர் அளவுமீறிவிடுவர்.

7. என்ஜினை ஓட்டிச் சூடாக்கி, முழுதும் ஆறவிட்டு, நட்டுகளின் இறுக்கத்தை மறுமுறை சரிபார்க்கவும். மறுநாள் காலையில் கிளப்பும்போது 'டிக், டிக்' ஓசை இல்லையெனில் வேலை சரியாக முடிந்தது.

8. சைலன்சர் குழாயைத் தாங்கும் பட்டை உடைந்திருக்கிறதா என்றும் பார்க்கவும். தாங்கல் இல்லாத குழாய், உழவின் குலுக்கலில் தன் பாரம் முழுவதையும் ஸ்டட்டுகளின்மீது சுமத்தும்.

பாதுகாப்பு

டிராக்டரில் வெல்டிங் செய்யுமுன் பாட்டரியின் இரு கம்பிகளையும், ஆல்டர்னேட்டரின் இணைப்பையும் கழற்ற வேண்டும். வெல்டிங்கின் எர்த் கவ்வியை ஹெட்டிலேயே, ஸ்டட்டுக்கு அருகில் மாட்டவும். தொலைவில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங்குகளின் வழியே பாய்ந்து அவற்றைக் கெடுக்கும். டீசல் கசிவைத் துடைத்து, டீசல் குழாயை ஈரத்துணியால் மூடவும். ஒரு வாளி மணலை அருகில் வைக்கவும். வைக்கோற்போர் அருகே இவ்வேலை கூடாது. டிரில், உளி வேலையின்போது கண்ணாடி அணிவது கட்டாயம். எஃகுத்தூள் கண்ணில் பட்டால் பார்வை கெடும். மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓட்டிப் பார்க்கக் கூடாது.

எதைத் தாமே செய்யலாம்?

துரு நீக்குதல், எண்ணெய் ஊறவிடுதல், நட்டைக் கழற்றுதல், நீட்டிய ஸ்டட்டை எடுத்தல், மீண்டும் பூட்டுதல் ஆகியவற்றை விவசாயிகள் தாமே செய்யலாம். மட்டமாக ஒடிந்ததற்குப் பழகிய வெல்டரையும், ஆழத்தில் ஒடிந்ததற்கு நல்ல பட்டறையையும் நாடுவதே சிக்கனம். அலுமினிய ஹெட் உள்ள வண்டிகளில் மேற்கூறிய சூடேற்றும் வேலைகளைத் தாமே செய்யக் கூடாது. அலுமினியம் சிவக்காமலே, சுமார் 660 டிகிரியில், உருகிவிடும்.

பட்டத்தின் நடுவில் ஸ்டட் ஒடிந்தால் என் செய்வது? அவசரமாக எடுக்க முயல்வதைவிட, வேளாண்மைப் பொறியியல் துறையிலோ அண்டை விவசாயியிடமோ வாடகை டிராக்டர் பெற்று உழவை முடித்துவிட்டு, பின்னர் நிதானமாகப் பழுது பார்ப்பதே அறிவுடைமை. நிலத்தின் ஈரம் காத்திருக்காது. ஒடிந்த ஸ்டட் காத்திருக்கும்.

இவற்றிற்கெல்லாம் மேலாக, கோடைக் காலத்தில் டிராக்டருக்கு வேலை குறைந்திருக்கும்போது மேனிபோல்டை ஒருமுறை பார்வையிடுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கரித்தடம் உள்ளதா, நட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா, இரு கோடி ஸ்டட்டுகளும் ஆடாமல் உள்ளனவா என்று பார்க்கக் கால்மணி நேரம் போதும். துருவேறிய நட்டுகளை அப்போதே எண்ணெய் விட்டு மாற்றிவிட்டால், முதல் மழை பெய்யும்போது டிராக்டர் வயலில் நிற்கும். உழவர் பெருமக்கள் இம்முறைகளைக் கடைப்பிடித்துத் தேவையற்ற செலவைத் தவிர்த்து, பட்டம் தவறாமல் பயிர் செய்து பயனடைவார்களாக.